எட்டாவது பொத்தான்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவியைச் சொல்லச் சொன்னால் நாலு சேர்த்துச் சொல்வாள். கத்திக் கொட்டிவிட்டு அடுத்த நிமிஷம் டீ கேட்கிற கோபக்காரர்கள் உண்டு. அவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. நான் வாயை இறுக்க மூடிக்கொள்வேன். அப்புறம் ஏதாவது செய்துவிட்டு வருவேன். அப்படி ஒரு நாள் மத்தியானம், ஐந்து நிமிஷத்தில் நான் செய்துவிட்டு வந்த காரியம் இது.

ஒப்பந்தங்களும் பத்திரங்களும் தயாரித்துக் கொடுக்கிற அலுவலகம் எங்களுடையது. பதினான்கு கணினிகள். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜன்னலோரத்துக் கணினியில் தட்டச்சு செய்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். அங்கே எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை மாதத்துக்கு ஒரு தடவையாவது நினைவுபடுத்துவார். மனுஷன் வாய் சும்மா இருக்காது.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. எதையாவது நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரியும், அதைச் சுற்றி மட்டும்தான் பார்வை. எழுத்தைப் பாட்டில் மூடி அளவுக்குப் பெரிதாக்கி வைத்து, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் படிப்பார். இது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அலுவலகத்தை நடத்துகிற மேடமும் அவரும் ஒரு பேச்சு பேசி வைத்திருந்தார்கள். "ஒரே ஒரு தப்பு வரட்டும் மேடம், நீங்க போகச் சொல்ல வேண்டாம், நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்" என்று அவர் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன். மூன்று வருஷம் ஒரு தப்பும் வரவில்லை.

எப்படிச் சமாளித்தார் என்றால், டூல்பாரை வைத்துத்தான். எழுதுகிற மென்பொருளில் மேலே ஒரு பட்டை இருக்குமே, வரிசையாகக் குட்டிக் குட்டிப் படங்களோடு. அதில் முக்கால்வாசியை நாம் ஆயுசுக்கும் தொடமாட்டோம். மச்சான் ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொண்டு, அந்தப் பட்டையைத் தனக்கென்று மாற்றி அமைத்தார். வேண்டாததையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். பத்துப் பொத்தான்களை மட்டும் நிறுத்தினார். படங்களை இருப்பதிலேயே பெரிதாக்கினார். தன் வேலை நடக்கிற ஒழுங்கில் அவற்றை வரிசைப்படுத்தினார். மவுஸைக் கொண்டுபோய்த் திரையின் இடது மூலையில் முட்டுவார், அங்கிருந்து கை நகர்கிற தூரத்தை வைத்து எண்ணுவார். மூன்றாவது சேமிப்பது, எட்டாவது காப்பி எடுப்பது, ஒன்பதாவது ஒட்டுவது. திரையைப் பார்க்கவே மாட்டார். பேசிக்கொண்டே அழுத்துவார்.

"கண்ணு போனா என்ன மாப்ளே, கை இருக்கு" என்பார், அந்தக் கையைத் தூக்கிக் காட்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு. அவர் மகள் நாலு மாதக் கர்ப்பமாக வந்திருந்தாள். இரண்டு பக்கத்து உறவும் கூடியிருந்தது. டிவி ஓடவில்லை என்று யாரோ சொல்ல, நான் எழுந்தேன். அவ்வளவுதான், மச்சானுக்கு வாய் திறந்துவிட்டது.

"மாப்ள எழுந்திருச்சிட்டாரு, கவலையே வேண்டாம். ஆஃப் பண்ணுவாரு, மறுபடி ஆன் பண்ணுவாரு. அதத் தவிர வேற ஏதாவது செஞ்சு யாராவது பாத்திருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம் மனுஷன்.

"என் டூல்பார நானேதான் பண்ணிக்கிட்டேன். இவர நம்பியிருந்தா இந்நேரம் நான் வீட்ல உக்காந்து ஈ ஓட்டிட்டு இருப்பேன்."

வீடே குலுங்கியது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மாமனார், பேசாத மனிதர், அவர்கூட தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. டிவியின் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன். வேண்டிய நேரத்துக்கு மேலேயே குனிந்திருந்தேன்.

மறுநாள் மேடம் கூப்பிட்டார். "எல்லா மெஷின்லயும் டூல்பார் ஒரே மாதிரி இருக்கணும். ஆள் லீவு போட்டா பக்கத்துல இருக்கறவங்க உக்காந்து வேலை பாக்கணும் இல்லையா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கோலத்துல வச்சிருக்காங்க. எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடுங்க. உங்க மச்சானோடத மட்டும் தொடாதீங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். காலையில் பன்னிரண்டு கணினிகளை முடித்தேன். என்னுடையது பதின்மூன்று. மத்தியானம் மச்சான் கை கழுவப் போனார். அவர் நாற்காலி காலியாக இருந்தது, திரை திறந்தே இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரு விதி உண்டு. எதைத் தொட்டாலும் முதலில் ஒரு காப்பி எடுத்து வைப்பேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே அதுதான். அன்றைக்கு எடுக்கவில்லை. பட்டையின் மேல் வலது கிளிக் செய்தேன், மாற்றியமைக்கிற பெட்டியைத் திறந்தேன், பழையபடி ஆக்குகிற பொத்தானை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். ஒரு வாரம் சோற்றை மேசையில் வைத்துக்கொண்டு அவர் செய்த வேலை போயே போய்விட்டது.

அவரைக் கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்லியாக வேண்டும். அவர் உட்கார்வார், ஏதோ ஒன்றை அழுத்துவார், திரை என்னென்னமோ ஆகும், "மாப்ளே, இங்க கொஞ்சம் வாங்க" என்று ஆள் நடுவில் என்னைக் கூப்பிடுவார். நான் மெதுவாக எழுந்து போவேன். நாலு பேர் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. இந்த அற்ப ஆசைக்கு எத்தனை செருப்படி வேண்டுமானாலும் தகும்.

அவர் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்? படங்களின் அளவு என்பது வேறு இடத்தில் இருக்கிற அமைப்பு. நான் அழுத்தியது அதைத் தொடாது. படங்கள் முன்பு போலவே பெரிதாக நின்றன, மங்கலான கண்ணுக்கு அதே பட்டை. சேமிக்கிற பொத்தான், என் கெட்ட நேரம், பழைய வரிசையிலும் மூன்றாவதுதான். அது மட்டும் இடம் மாறியிருந்தால் அவருக்கு முதல் தடவையிலேயே தெரிந்துபோயிருக்கும். ஆனால் எட்டாவது இப்போது வெட்டுவது. ஒன்பதாவது காப்பி.

அன்று மத்தியானம் பூராவும் அவருக்கு ஒரே வேலை. கடை ஒன்றைப் பிரித்துக்கொள்கிற இரண்டு கூட்டாளிகளுக்குப் புது ஒப்பந்தம். பழைய ஒப்பந்தத்திலிருந்து பதினொரு பிரிவுகளை அப்படியே எடுத்துப் புதியதில் சேர்க்க வேண்டும். அவர் விசைப்பலகையிலேயே பத்தியைத் தேர்வுசெய்து, எட்டை அழுத்தி, மற்றக் கோப்புக்குப் போய், ஒன்பதை அழுத்தினார். பழையதில் ஒவ்வொரு பிரிவும் காணாமல் போனது. கீழே இருந்த வரிகள் மேலே ஏறி அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன. புதியதில் ஒன்றுமே ஒட்டவில்லை. அங்கேயும் திரை நிறைய எழுத்து இருந்தது. அவர் மூன்றை அழுத்திச் சேமித்துக்கொண்டே போனார். நான் என் இடத்திலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ பாட்டை முனகியபடி வேலை செய்துகொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு எங்கள் இன்னொரு கிளையில் பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று என்னை அனுப்பினார்கள். போனேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் ஒரு தடவை தலையைச் சாய்த்து முழுசையும் படித்துவிட்டுத்தான் கொடுப்பது மச்சானின் வழக்கம். அன்றைக்கு அவசரம் என்று நாலரைக்கே வாங்கி அச்சடித்துவிட்டார்களாம்.

காலை பத்து மணிக்குக் கையெழுத்து. ஒரு கூட்டாளியின் வக்கீல் உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர், சரக்கு யாருக்கு என்கிற பிரிவைத் தேடினார். இல்லை. அடுத்ததைத் தேடினார், அதுவும் இல்லை. ஏற்கெனவே ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு பேர். "இது வேணும்னே பண்ணது" என்று ஒருவர் எழுந்து போக, மற்றவர் மேடத்தைப் பார்த்துப் பேசக் கூடாததையெல்லாம் பேசிவிட்டுப் போனார். பழைய கோப்பைத் திறந்து பார்த்தால் அதிலும் அந்தப் பதினொரு பிரிவுகள் இல்லை. அலுவலகத்தின் மானம் கப்பலேறியது.

மேடம் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மேடம் நல்ல மனுஷி, முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"இவருக்கு இப்படி ஆகாது. இவர் மெஷின்ல ஏதாவது மாத்தினீங்களா?"

மச்சான் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

"இல்ல மேடம். நீங்க தொட வேண்டாம்னு சொன்னீங்க, நான் தொடல."

இதைச் சரிபார்க்க வேண்டிய ஆள் அந்த அலுவலகத்தில் நான்தான். வேறு யார் போய்ப் பார்ப்பார்கள்?

"மாப்ளைய ஏன் மேடம் கேக்கறீங்க?" என்றார் மச்சான். "அவர் என்ன பண்ணுவாரு பாவம். என் கைதான். எட்ட அழுத்தறோம்னு நெனச்சு ஏழையோ ஒன்பதையோ அழுத்தியிருக்கேன். ஒரு தடவ இல்ல, பதினொரு தடவ. கண்ணு போச்சு, சரி. இப்ப கையும் போச்சு."

மேடம் ஒரு மாதம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேறு வேலை தருவதாகச் சொன்னார். மச்சான் கேட்கவில்லை. சொன்ன சொல் என்றார். பிறகு என் மேசைக்கு வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாப்ளே, ராஜினாமா லெட்டர நீங்களே அடிச்சுக் குடுங்க. நான் அடிச்சா அதுலயும் ஏதாவது வெட்டிடுவேன்."

அடித்தேன். அவர் சொல்லச் சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு, நாலு வரி. சேமித்தேன், அச்செடுத்தேன். அவர் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தேன். அந்த விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் நான் ஒரு நாளும் அது நடுங்கிப் பார்த்ததில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாள், அடுத்த வாரம். எத்தனையோ நாள் சொல்ல வேண்டும் என்றே அவர் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருக்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தைரியமும் கழன்றுவிடும். என் வேலை போய்விடும், என் மனைவி என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். நாள் ஆக ஆக, இதுவரை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. நான் ஒரு கோழை. வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

வேலை போனது பெரிதில்லை, அவர் மகன் நன்றாகவே சம்பாதிக்கிறான். மச்சானுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அதுதான் என்னை அறுத்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தானே சவரம் செய்து, தானே அடுப்பைப் பற்றவைத்து, தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய் வந்துகொண்டிருந்த மனுஷன், வெந்நீரைத் தொடுவதில்லை, கத்தியைத் தொடுவதில்லை, சாவியைப் பூட்டில் நுழைப்பதில்லை. யாராவது தட்டை நீட்டினால், "அங்க வச்சிடு" என்பார். நடக்கும்போதுகூடக் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டிருப்பார்.

நான் தினமும் வேலை முடிந்து அங்கே போனேன். முடிவெட்டிக்கொள்ள, வங்கிக்கு, கண் மருத்துவரிடம், எல்லாவற்றுக்கும் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். "கூடப் பொறந்த தம்பி இருந்தாக்கூட இப்படிப் பாக்கமாட்டான்" என்று என் மனைவி ஊரெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசும்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் மச்சானிடம் நீட்டினார்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"மாப்ளைட்ட குடுங்க. எனக்கு வேண்டாம், கீழ போட்டுடுவேன்."

வாங்கிக்கொண்டேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. மகளும் மருமகனும் மச்சானின் தெருவில்தான் இருந்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டியதும் துண்டோடு வாங்குவது நான், தோளில் போட்டுத் தூங்கவைப்பது நான், முதல் அடி வைத்தபோது எதிரே உட்கார்ந்து கையை நீட்டியது நான். அவள் அம்மா கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை மாமா என்றே கூப்பிட்டாள். மச்சான் அறையின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் நான் உள்ளே நுழைந்த நேரம். குழந்தை ஸ்டூலின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். ஒன்றரை வயசு தாண்டிவிட்டது, ஏறாத இடம் இல்லை. மச்சான் பக்கத்திலேயே நின்றார். ஸ்டூல் ஆடுகிற சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. "ஐயோ, யாராவது வாங்க, யாராவது வாங்க!" என்று கத்தினார். கைகள் அக்குளுக்குள்ளேயே இருந்தன. நான் ஓடுவதற்குள் விழுந்துவிட்டாள். உதட்டில் சின்னக் காயம், கொஞ்சம் ரத்தம்.

மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஏம்ப்பா! கையெட்டற தூரத்துல நின்னுகிட்டு..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வைத்துத் துடைக்கப் போனாள்.

"பிடிச்சிருப்பேன் மாப்ளே" என்றார். உதடு கோணியது. "தப்பான பக்கம் பிடிச்சு, இன்னும் மோசமா ஆயிட்டா? அன்னைக்குப் பதினொரு தடவையும் சரியாத்தான் அழுத்தறேன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். என் கை என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியலயே."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கையை வெளியே எடுத்து முழங்கால் மேல் வைத்தார். ஆள்காட்டி விரல் மெதுவாக நகர்ந்தது, நிறுத்தி நிறுத்தி.

"எட்டாவது என்னவா இருந்துச்சு?"

"வெட்டறது."

"ஒன்பதாவது?"

"காப்பி."

"அப்ப நான் எட்டத்தான் அழுத்தியிருக்கேன்."

"ஆமா மச்சான். சரியாத்தான் அழுத்துனீங்க."

"பதினொரு தடவையுமா?"

"பதினொரு தடவையும்."

சிரித்தார். எனக்குத் தலையில் இடி விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சிரித்தார், சின்னப் பையன் மாதிரி. "கை சரியாத்தான் இருந்திருக்கு! ஏய், இங்க வாங்களேன், என் கை சரியாத்தான் இருந்திருக்கு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

"மேடம் கேட்டப்போ நான் உங்க பக்கத்துலதானே நின்னேன்?"

"ஆமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். வழக்கம்போல முழங்கையைப் பிடிக்கப் போனேன். "விடுங்க மாப்ளே" என்றார், மரியாதையாகத்தான்.

மகள் குழந்தையோடு கூடத்துக்கு வந்தாள். உதடு வீங்கியிருந்தாலும் அழுகை நின்றிருந்தது. கீழே இறக்கிவிட்டாள். மச்சான் அவள் இருக்கிற திசையைத் தலை சாய்த்துக் கண்டுபிடித்து, முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினார். கைகள் நடுங்கவில்லை.

"தாத்தாட்ட வாடா கண்ணு. வா. தாத்தா தூக்கறேன்."

குழந்தை அந்தக் கைகளைப் பார்த்தாள். அவளுக்கு அவை புதுசு. இரண்டடி பின்னால் போனாள், திரும்பினாள், ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "மாமா, தூக்கு" என்றாள். நான் தூக்கவில்லை. அவளை மெதுவாகத் திருப்பி அவர் பக்கம் அனுப்பினேன். அழ ஆரம்பித்துவிட்டாள், என் பேன்ட்டை விடவில்லை. மச்சான் நீட்டிய கையை மடக்காமல், இன்னும் வருவாள் என்று, அப்படியே உட்கார்ந்திருந்தார்.